மை நிரப்பும் முறைக்கு இவ்வளவு விலையா?

கேள்வி: பைலட் கஸ்டம் 823 பேனா மீது எனக்கு நெடுநாள் ஆசை. வேக்குவம் ஃபில்லர் என்பதால்தான் விலை அதிகம் என்கிறார்கள். அந்த விலைக்குத் தகுமா?

பதில்: அருமையான பேனா. ஆனால் மை நிரப்பும் முறைக்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்காதீர்கள். அந்த முறை புதிதும் அல்ல. லண்டனின் டி லா ரூ நிறுவனம் 1905லேயே ஓனோட்டோ பேனாவில் அதைக் கொண்டுவந்துவிட்டது.

பின்பக்கத் திருகைக் கழற்றித் தண்டை முழுக்க வெளியே இழுக்க வேண்டும். நிப்பை மைக்குள் முக்கி, தண்டை ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். அதன் நுனியிலுள்ள அடைப்பு கீழே இறங்க இறங்க, மேலே வெற்றிடம் உண்டாகிறது. கழுத்தருகே குழாய் சற்று அகலும்; அங்கே அடைப்பின் பிடி விட்டதும் மை குபுக்கென்று உள்ளே பாயும். உடல் ஒளி ஊடுருவுவதால் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

திருகை இறுக்கி மூடினால் மைவழியும் அடைபடும். விமானப் பயணத்தில் கசியும் பயம் குறைவு. பக்கம் பக்கமாக எழுதும்போது மட்டும் திருகைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அடிக்கடி மை நிறத்தை மாற்றுகிறவர்களுக்கோ இதைக் கழுவுவது பெரும்பாடு.

இதே முறையில் நிரப்பும் தைவானின் ட்விஸ்பி வாக்700ஆர், எஃகு நிப்புடன் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. 823இல் இருப்பது 14 காரட் தங்க நிப். கூடுதல் விலைக்கு நியாயம் அதில்தான் இருக்கிறது. கடையில் எழுதிப் பாருங்கள். நிப் உங்கள் கைக்குப் பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ட்விஸ்பியே போதும்.