கண்ணுக்குப் புலப்படாத கதிர் தந்த சான்று

க.பொ.த. (சா/த) தமிழ்மொழி: கிரகித்தற் பயிற்சி


வினாத்தாளில் அறிவியல் சார்ந்த பந்தி வந்தால் பலர் தயங்குகின்றனர். அதனை விளங்கிக்கொள்ள விஞ்ஞானப் பாடம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார், எப்போது, எதைச் செய்தார் என்று பிரித்து வாசித்தாற் போதும். கீழ்வரும் கட்டுரையை இருமுறை வாசித்து வினாக்களுக்கு விடை எழுதுக.

1. கொத்துகளும் எக்ஸ் கதிரும்

மின்சாரம் தடைப்பட்ட இரவொன்றில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று மேலே பாருங்கள். அங்கு தெரியும் விண்மீன்கள் யாவும் பால்வீதி என்னும் ஒரே விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை. இத்தகைய மண்டலங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஈர்ப்பு விசையாற் கட்டுண்டு கூடியிருப்பதையே விண்மீன் மண்டலக் கொத்து என்கிறோம்.

கொத்தினுள் மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானதன்று. பல மில்லியன் பாகை வெப்பநிலையுடைய வாயு அங்கே பரந்துள்ளது. அதன் திணிவு, கொத்திலுள்ள விண்மீன்கள் அனைத்தினதும் மொத்தத் திணிவைவிட அதிகம். எனினும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது வெளிவிடுவது எக்ஸ் கதிரையாகும். வைத்தியசாலையில் எலும்பு முறிவைக் காட்டும் அதே வகைக் கதிர்தான் இது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், அவற்றை நோக்கும் தொலைகாட்டியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும்.

அவ்வாறு நாசா நிறுவனம் 1999 யூலை 23இல் அனுப்பியதே 'சந்திரா' தொலைகாட்டி. தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற அவர், 1930இல் தமது 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்கையில், எரிபொருள் தீர்ந்த விண்மீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தார். 1935இல் புகழ்பெற்ற அறிஞர் எடிங்டன் அக்கருத்தைப் பகிரங்கமாக மறுத்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இலேயே.

2. பிரியம்வதாவின் எதிர்வுகூறல்

பிரியம்வதா நடராஜன் கோயம்புத்தூரிற் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே டெல்லியின் இரவு வானத்தை வரைபடமாக்கும் கணினி நிரலொன்றை எழுதினார். ஐக்கிய அமெரிக்காவிலும் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கொத்துகளின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை ஒரு வில்லைபோல வளைத்துப் பெருப்பிக்கும். அவ்வளைவை அளந்து, கொத்தில் மறைந்துள்ள கரும்பொருளை வரைபடமாக்குவது அவரது முக்கிய ஆய்வு.

கருந்துளைகளின் பிறப்பும் அவரது ஆய்வுப்பொருளே. பிரபஞ்சத்தின் இளமையிலேயே மாபெருங் கருந்துளைகள் எவ்வாறு தோன்றின? இறந்த விண்மீனிலிருந்து பிறக்கும் சிறிய கருந்துளை அவ்வளவு விரைவில் வளர்வது கடினம். ஆகவே சில கருந்துளைகள் பெரிய வாயு முகில் நேரடியாகச் சுருங்கியதால், தொடக்கத்திலேயே பெரியனவாகப் பிறந்திருக்கலாம் என்ற கருதுகோளை 2006இல் அவரும் ஜியுசெப்பே லொடாட்டோவும் விளக்கினர். 2017இல் பிரியம்வதாவும் சக ஆய்வாளர்களும், அவ்வாறு பிறந்த கருந்துளையைக் கொண்ட மண்டலம் தொலைகாட்டியில் எப்படித் தோன்றும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தனர். பார்த்து இல்லையெனக் கண்டால், அக்கருத்து வலுவிழந்திருக்கும்.

3. கிடைத்த சான்று

ஏறத்தாழ 350 கோடி ஒளியாண்டு தொலைவில் ஆபெல் 2744 என்னும் கொத்து உள்ளது. அதற்கும் அப்பால், 1320 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மண்டலமொன்றை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி கண்டது. கொத்தின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருப்பித்தது. ஆகோஸ் பொக்டான் தலைமையிலான குழு, சந்திரா மூலம் இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட நோக்கற் பதிவுகளைக் கொண்டு, அம்மண்டலத்திலிருந்து எக்ஸ் கதிர் வருவதை உறுதிசெய்தது. கருந்துளையின் திணிவு சூரியனைப் போல 1 கோடி முதல் 10 கோடி மடங்கு என 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அது அம்மண்டலத்து விண்மீன்களின் மொத்தத் திணிவுக்குக் கிட்டியது. எதிர்வுகூறலும் அதுவே. இது வலுவான சான்று. ஆயினும் ஒரு மண்டலத்தை மட்டும் கொண்டு விவாதம் முடிவதில்லை.

அருஞ்சொற்கள்
கருதுகோள் – சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கும் கருத்து
எதிர்வுகூறல் – நிகழுமுன் கூறுதல்
திணிவு – பொருளில் அடங்கிய சடத்தின் அளவு

வினாக்கள்
1. எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியை விண்வெளிக்கு அனுப்புவது ஏன்?
2. ஆபெல் 2744 ஆய்வுக்கு எவ்வாறு உதவியது?
3. "2023இற் கருந்துளையைக் கண்டறிந்தவர் பிரியம்வதா." இக்கூற்றுச் சரியா? விளக்குக.
4. சந்திரசேகர், பிரியம்வதா ஆகியோரின் அனுபவங்களில் ஓர் ஒற்றுமை தருக.

வழிகாட்டல்
அதிகமானோர் புள்ளி இழப்பது 3ஆம் வினாவிலேயே. கட்டுரையில் அதிகம் பேசப்படுபவரே எல்லாவற்றையும் செய்தார் என எண்ணுவது தவறு. மாதிரி விடை: சரியன்று. பிரியம்வதா சக ஆய்வாளருடன் சேர்ந்து எதிர்வுகூறினார். எக்ஸ் கதிரை இனங்கண்டது பொக்டான் தலைமையிலான குழு.

4ஆம் வினாவுக்கு "இருவரும் தமிழர்" என்று மட்டும் எழுதினால் அது அனுபவத்தைக் கூறாது. சரிபார்க்கக் கூடியவாறு கருத்தை முன்வைத்து, அது நிலைபெறப் பல ஆண்டுகள் காத்திருந்தமையை எழுதுக. சந்திரசேகர் காத்திருந்த ஆண்டுகளை நீங்களே கணித்துப் பாருங்கள்.