கணனி "அனுமதி இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது?



எங்கட ஆக்களில் பலர் இப்போது கணனியில் வடிவமைப்பு வேலை செய்கிறார்கள். சிலர் கல்லூரியில் கிராபிக் டிசைன் படிக்கிறார்கள். சிலர் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், தமிழ்ப் பள்ளி நிகழ்ச்சிநிரல், கடை விளம்பரம் என்று செய்து கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாரிடமும் சொந்தக் கணனி இல்லை. நூலகத்துக் கணனியிலோ கல்லூரிக் கணனியிலோ வேலையிடம் தந்த லப்டொப்பிலோதான் வேலை நடக்கிறது. அங்கே ஒரு மென்பொருளை நிறுவப் போனால், ஒரு தமிழ் எழுத்துருவைப் போடப் போனால், சில நேரம் செய்த வேலையைச் சேமிக்கப் போனாலும், திரையில் வருவது "அக்சஸ் டினைட்". அனுமதி மறுக்கப்பட்டது.

"மறுக்கப்பட்டது" என்ற சொல் எங்களில் பலருக்குப் புதிதல்ல. அந்தச் சொல்லோடு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். அதனால் கணனியில் அதைக் கண்டதும் சிலர் "இது எனக்குச் சரிவராது" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் களவாகத் திறக்க வழி தேடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தச் செய்தி உங்களைப் பற்றியதல்ல. அது கணனியில் யாரோ செய்து வைத்த ஓர் ஒழுங்கு மட்டுமே. அந்த ஒழுங்குக்கு உள்ளேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது

விண்டோஸ் கணனியில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. ஒன்று நிர்வாகி கணக்கு, மற்றது சாதாரண பாவனையாளர் கணக்கு. பலர் சேர்ந்து இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கோ. உங்கட அறைச் சாவி உங்களிட்ட இருக்கும். மீற்றர் பெட்டிச் சாவி வீட்டுக்காரரிட்ட இருக்கும். கணனியும் அப்படித்தான். மென்பொருட்கள் நிறுவப்படும் "புரோகிராம் பைல்ஸ்" என்ற கோப்புறையும் விண்டோஸ் கோப்புறையும் நிர்வாகிக்கு உரியவை. உங்கள் பெயரில் உள்ள கோப்புறையும், அதற்குள் இருக்கும் டொகியுமென்ற்ஸ், டெஸ்க்ரொப், டவுன்லோட்ஸ் என்பனவும் உங்கட அறை. அங்கே நீங்கள் எழுதலாம், அழிக்கலாம்.

இப்படிப் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் தவறுதலாக வைரஸ் ஒன்றைத் திறந்துவிட்டால், பெரும்பாலும் அது அவருடைய அறையோடு நிற்கும். முழு வீடும் எரியாது.

2. செய்தியை மூடாதீர்கள், வாசியுங்கள்

செய்தி வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கோ. பிறகு அது எந்த வகை என்று பாருங்கோ.

முதல் வகை: நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. நீங்கள் செய்ய முயன்ற விடயம் முழுக் கணனியையும் மாற்றும் என்று அர்த்தம். "நோ" என்பதை அழுத்திவிட்டு வேறு வழி பாருங்கோ.

இரண்டாம் வகை: இந்த மென்பொருளை உங்கள் நிர்வாகி தடைசெய்திருக்கிறார் என்று சொல்கிறது. இது வேண்டுமென்றே போட்ட தடை. இங்கே கேட்பது ஒன்றே வழி.

மூன்றாம் வகை: சேமிக்கும்போதோ திறக்கும்போதோ அனுமதி இல்லை என்கிறது. இது பெரும்பாலும் இடம் பிழைத்ததால் வருவது. இதை அநேகமாக நீங்களே சரிசெய்யலாம்.

3. மென்பொருளை நிறுவ முடியவில்லை

முதலில் ஸ்ராட் பட்டியலில் பெயரைத் தட்டித் தேடுங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் மென்பொருளைத் தெரியாமல் திரும்ப நிறுவ முயல்பவர்கள் உண்டு. கல்லூரிகளில் அடோபி மென்பொருட்கள் இருந்தாலும், கல்லூரி தந்த கணக்கால் உள்நுழைந்தால்தான் திறக்கும். சொந்த மின்னஞ்சலால் முயன்று பார்த்து "வேலை செய்யுதில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

இல்லையென்றால், நிறுவத் தேவையில்லாதவற்றைப் பாருங்கோ. போட்டோபீ என்பது உலாவியிலேயே ஓடும். போட்டோசொப்பின் பி.எஸ்.டி. கோப்புகளையும் திறக்கும். உங்கள் படம் அவர்களுடைய சேர்வருக்குப் போகாமல் நீங்கள் இருக்கும் கணனியிலேயே கையாளப்படும்.

அடுத்தது, நிறுவாமலே ஓடும் "போர்ட்டபிள்" பதிப்புகள். இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் மூன்றும் இலவசம், மூன்றுக்கும் இப்படிப் பதிப்புகள் உண்டு. கோடுகளாலான சின்னங்கள், லோகோ வரைய இன்க்ஸ்கேப். புகைப்படம் திருத்த கிம்ப். சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ். இவற்றை உங்கள் கோப்புறையில் விரித்து வைத்து ஓடவிடலாம். ஆனால் அந்த இடத்தின் கணனி விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் இப்படி ஓடுவதையும் தடுத்து வைத்திருப்பார்கள்.

4. சேமிக்க முடியவில்லை

"சேவ் அஸ்" என்பதைத் தெரிவு செய்து, கோப்பு எங்கே போகப் போகிறது என்று பாருங்கோ. மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறையையோ சி டிரைவின் முகப்பையோ காட்டினால், டொகியுமென்ற்ஸுக்கு மாற்றுங்கள். அநேகமாகப் பிரச்சினை அதோடு தீரும். டொகியுமென்ற்ஸும் மறுத்தால், விண்டோஸ் பாதுகாப்பில் கோப்புறைகளைப் பூட்டி வைக்கும் வசதி போடப்பட்டிருக்கலாம். அதை நிர்வாகிதான் திறந்துவிட வேண்டும்.

போட்டோசொப் "ஸ்கிராச் டிஸ்க்" நிரம்பிவிட்டது என்று சொன்னால், அது வேலை செய்யும்போது தற்காலிகமாக எழுதும் இடம் போதவில்லை என்று பொருள். உங்கள் டவுன்லோட்ஸில் கிடக்கும் பழைய கோப்புகளை அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள். வேறு டிரைவ் இருந்தால், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி போட்டோசொப்பைத் திறந்து அந்த டிரைவைத் தெரிவு செய்யலாம்.

கல்லூரிக் கணனியில் உங்கள் கோப்புறை வலையமைப்பில் இருந்தால், பெரிய கோப்பை அங்கிருந்தே நேரடியாகத் திறந்து வேலை செய்யாதீர்கள். டெஸ்க்ரொப்புக்குப் பிரதி எடுத்து, வேலையை முடித்து, திரும்ப அங்கே போடுங்கள்.

நூலகக் கணனியில் இன்னொன்று. பல இடங்களில் நீங்கள் வெளியேறியதும் எல்லாம் அழிந்துவிடும். நேரம் முடிய 10 நிமிடம் இருக்கும்போதே கோப்பை மின்னஞ்சலிலோ மெமரி ஸ்ரிக்கிலோ போட்டுக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் ஸ்ரிக் வேலை செய்யாமல் கண்கலங்க வேண்டாம்.

5. திறந்ததும் மூடிக்கொள்கிறது, கருவிகளைக் காணவில்லை

இதற்கு மென்பொருளைத் திரும்ப நிறுவத் தேவையில்லை. அநேகமாகப் பழுதடைவது உங்கள் விருப்பங்களை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பு. அது உங்கட அறைக்குள் இருப்பதால் நீங்களே புதுப்பிக்கலாம். இன்க்ஸ்கேப்பில் எடிற் பட்டியலில் பிறிபரன்சஸ், அதில் சிஸ்ரம் என்ற பக்கம் போனால் அதை மீளமைக்கும் பொத்தான் இருக்கும். போட்டோசொப்பில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் அழுத்தியபடி திறந்தால் பழைய அமைப்பை அழிக்கவா என்று கேட்கும். "யெஸ்" கொடுங்கோ. இதனால் நீங்கள் வரைந்த கோப்புகளுக்கு ஒன்றும் நடக்காது.

6. தமிழ் எழுத்துருப் பிரச்சினை

விண்டோஸ் 10-இன் 2018 ஒக்டோபர் பதிப்பு வந்த பிறகு, சாதாரண பாவனையாளரும் தனக்கு மட்டும் எழுத்துருவை நிறுவலாம். எழுத்துருக் கோப்பைத் திறந்து "இன்ஸ்ரோல்" அழுத்தினால் போதும். "எல்லாப் பாவனையாளருக்கும்" என்பதை அழுத்தினால்தான் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். போட்ட பிறகு மென்பொருளை மூடித் திறவுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், இன்க்ஸ்கேப் 1.0-இலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும், பிறிபரன்சஸில் எழுத்துக் கருவிக்கான பக்கத்தில், உங்கள் எழுத்துருக் கோப்புறையைச் சேர்க்கலாம். கிம்ப்பிலும் கோப்புறைகள் என்ற பகுதியில் அப்படிச் சேர்க்க முடியும்.

ஒன்றுக்கும் அனுமதி இல்லையா? 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், நிர்மலா யூஐ என்ற எழுத்துரு தமிழோடு கூடவே வருகிறது. அதைப் பாவியுங்கோ.

பாமினியில் தட்டிய பழைய அறிவித்தலை நூலகத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பிப்போய்த் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. அந்தக் கணனியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். அதை யுனிகோடுக்கு மாற்றி வைத்தால் எங்கேயும் வாசிக்கலாம். பழைய போட்டோசொப்பில் யுனிகோட் தமிழ் போடும்போது கொம்பு இடம் மாறி நின்றால், பிறிபரன்சஸில் எழுத்துக்கான பக்கத்தில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை அல்லது "வேர்ல்ட் ரெடி" என்பதைப் போட்டுப் பாருங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது, இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தெரிவு செய்து, பாத் பட்டியலில் "ஒப்ஜெக்ற் ரு பாத்" கொடுத்து, பி.டி.எப். ஆக அனுப்புங்கள். அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் குலையாது. ஆனால் இதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே எழுத்தாகவே இருக்கும் பிரதியை வேறாக வைத்திருங்கோ.

7. செய்யக் கூடாதவை

மற்றவருடைய கடவுச்சொல்லால் நுழைவது, நிர்வாகியின் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பது, தடையை உடைக்கும் வழிகளை இணையத்தில் தேடிச் செய்வது வேண்டாம். பிரித்தானியாவில் 1990-ஆம் ஆண்டின் கணனித் துர்ப்பாவனைச் சட்டப்படி, தெரிந்துகொண்டே அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஒன்றையும் பழுதாக்கவில்லை என்பது சாட்டாகாது. பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்க்கப்படும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு போஸ்ரருக்காக அந்த ஆபத்து வேண்டுமா?

"கிராக்" செய்த மென்பொருளும் வேண்டாம். இவற்றில் பல, வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும். நிறுத்தினால் என்ன உள்ளே வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பி.ஆர்.பி. அட்டைகளின் காலம் 2024 முடிவோடு போய், இப்போது வதிவிட உரிமையை ஈ-விசாக் கணக்கால்தான் காட்டுகிறோம். உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல் களவு போனால் அந்தக் கணக்கும் ஆபத்தில்தான். அதோடு, வழக்குக் கடிதங்கள் உள்ள மெமரி ஸ்ரிக்கைப் பொதுக் கணனியில் போடாதீர்கள். வடிவமைப்பு வேலைக்கு வேறொன்று வைத்திருங்கோ.

8. கேட்பது எப்படி

"வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொன்னால் பதில் வரத் தாமதமாகும். இந்த ஆறு விடயங்களையும் எழுதிக் கொடுங்கள்:

கணனியின் இலக்கம், அது இருக்கும் அறை.
மென்பொருளின் பெயரும் பதிப்பும்.
திரையில் வந்த செய்தி, எடுத்த படத்தோடு.
எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது வந்தது.
நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவை.
எதற்காகத் தேவை, எப்போது முடிக்க வேண்டும்.

இதை மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை ஆசிரியருக்கும் அனுப்புங்கள். ஒப்படை பிந்தினால், நீங்கள் நேரத்தோடு முயன்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. கேட்டால் கெட்ட பெயர் வருமோ என்று பயப்படாதீர்கள். கேட்பவர்களுக்கு உதவுவதுதான் கணனிப் பகுதி ஆட்களுடைய வேலை. அவர்கள் "முடியாது" என்று சொன்னாலும், "அப்படியென்றால் இந்த வேலைக்கு நான் எதைப் பாவிக்கலாம்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். அதற்கும் அநேகமாக ஒரு வழி சொல்வார்கள்.

பயிற்சி

அடுத்த முறை நூலகம் போகும்போது மூன்று விடயங்களைச் செய்து பாருங்கோ. டொகியுமென்ற்ஸில் ஒரு கோப்பைச் சேமியுங்கள். நிர்மலா யூஐ எழுத்துருவில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அதைப் பி.டி.எப். ஆக உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்த மூன்றும் சரிவந்தால், நிர்வாகியின் சாவி இல்லாமலே ஒரு துண்டுப்பிரசுரத்தை முடிக்க உங்களால் முடியும்.