முதல் பெரிய ரைஃபிள்: எந்தத் தோட்டா?

ஜிம்பாப்வேயில் தொழில்முறை வேட்டை வழிகாட்டியாக வேண்டுமானால் முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு உரிமம் பெற்ற ஒருவரிடம் பயிற்சி, கடைசியில் காட்டிலேயே செய்முறைத் தேர்வு. பயிற்சிக் காலத்தில் சொந்தக் காசில் வாங்கும் ரைஃபிள் நெடுநாள் கூடவே வரும். அதனால் ரைஃபிளின் அழகைப் பார்க்கும் முன், எந்தத் தோட்டா என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

முதல் குண்டு வாடிக்கையாளருடையது. அது பிசகி, காயம்பட்ட காட்டெருமை புதருக்குள் போய்விட்டால், பின்னால் போய் முடித்துவைப்பது உங்கள் பொறுப்பு. வலியோடு அலையும் விலங்கை அப்படியே விட்டுவர முடியாது. அது பத்தடி தூரத்தில் திரும்பி வரும்போது ஒரு குண்டு. போதாவிட்டால் உடனே இன்னொன்று. அந்த இரண்டாவது குண்டை வைத்துத்தான் நான் எந்தத் தோட்டாவையும் எடைபோடுவேன்.

யானை, காட்டெருமை, நீர்யானைக்கு அந்நாட்டுச் சட்டம் கேட்பது குறைந்தது 9.2 மி.மீ. விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும். 1912-ல் வந்த 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா இதைத் தாராளமாகத் தாண்டும். 300 கிரெயின் குண்டு, நொடிக்குச் சுமார் 2,530 அடி வேகம். கையில் எடுத்துப் பாருங்கள்: நீளமான பித்தளைக் கூடு, அடியிலிருந்து மேலே மெல்லச் சரிந்து குறுகும். அதனால் அறைக்குள் வழுக்கிக்கொண்டு நுழையும். சுட்ட பிறகு எளிதில் கழன்று வரும். அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும், கூடு அறையிலேயே சிக்கிக்கொள்ளும். வெப்ப நாடுகளுக்கான தோட்டாக்களைப் பிரிட்டிஷ்காரர்கள் பெரிய கூடும் குறைந்த அழுத்தமுமாகச் செய்ததற்கு இதுதான் காரணம்.

1911-ல் வந்த 416 ரிக்பியின் தடித்த கூடும் அந்த யோசனையில் பிறந்ததே. 410 கிரெயின் குண்டு, சுமார் 2,370 அடி வேகம். கென்யாவின் வேட்டை வழிகாட்டி ஹாரி செல்பியுடைய இரட்டைக்குழல் துப்பாக்கி வண்டிக்கடியில் நசுங்கியபோது மாற்றாக வந்தது ஒரு 416 ரிக்பி. பிறகு அவர் பெயரைச் சொன்னாலே அந்த ரைஃபிள்தான் நினைவுக்கு வரும்.

470 தோட்டாவுக்கான இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டாவது குண்டு போல்ட்டை இழுக்காமலே தயார். மூன்றாவது குண்டுக்குத் துப்பாக்கியை மடித்துத் திறக்க வேண்டும். விலையும் பயிற்சியாளருக்குக் கட்டுப்படியாகாது. 1956-ல் வந்த 458 வின்செஸ்டர் அந்த 470-ன் பலத்தைச் சாதாரண ரைஃபிளுக்குக் கொண்டுவர நினைத்தது. கூடு குட்டை, மருந்தை அமுக்கி அடைக்க வேண்டியிருந்தது. அது கட்டிபட்டுப் போய் வேகம் குறைந்த புகார்கள் வந்தன. காட்டெருமையிடம் அடிபட்ட வேட்டைக்காரர் ஜாக் லாட் கூட்டை நீட்டி 458 லாட் செய்தார். அதன் உதை கடுமை. பழகாத தோள் அதற்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிடும்.

அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் 7 மி.மீ. ரைஃபிளால் யானைகளை வீழ்த்தினாரே என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்பற்றாதீர்கள். மூளை எங்கே என்று துல்லியமாகத் தெரிந்த அவர் நிதானமாக முதல் குண்டைச் சுட்டவர். நீங்கள் நிற்பது அடுத்தவர் குண்டுக்குப் பின்னால்.

என் யோசனை: முதலில் 375. உரிமம் கையில் வந்து, தோளும் பழகிய பிறகு 416. வாங்கும் முன், உங்கள் முகாமில் எந்தத் தோட்டா எப்போதும் இருப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். மென்முனைக் குண்டு, திடக்குண்டு இரண்டையும் சுட்டு, இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று பாருங்கள்.

தினமும் மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் போட்டு, ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமல் போல்ட்டைக் கடைசிவரை இழுத்துத் தள்ளுங்கள். அரைகுறையாக இழுத்தால் பழைய கூடு வெளியே விழாது. புதுத் தோட்டா அதில் மூக்கு முட்டி நிற்கும். இருபது முறை தொடர்ந்து சிக்காமல் வரும்வரை அந்த ரைஃபிளோடு புதருக்குள் போகாதீர்கள்.