பெட்டியில் இரண்டாயிரம் கேம், பில்லில் ஒன்றுகூட இல்லை

தரிசன டோக்கனை வாங்கிவிட்டு மிச்ச நேரத்தை எங்கே கழிப்பது என்று நிற்கும் குடும்பங்கள் திருப்பதியில் எந்த மாதமும் குறைவதில்லை. எஸ்.வி. பல்கலைக்கழக மாணவர் கூட்டம் வேறு. இவர்களை நம்பி ஒரு கேம் பார்லர் போட்டால் ஓடும் என்ற கணக்கில் தவறில்லை. திருப்பதியிலோ சித்தூரிலோ அப்படிக் கடை பார்க்கிறவர் கைக்கு முதலில் வருவது ஒரு பெட்டி: ஜாய்ஸ்டிக், பொத்தான்கள், காயின் போடும் துளை, உள்ளே ஒரே போர்டில் ஆயிரமோ இரண்டாயிரமோ கேம். கூடவே விற்கிறவர் வாயிலிருந்து, “எமுலேட்டர் லீகல்தான்ணா, எல்லாரும் வச்சிருக்காங்க” என்ற உறுதிமொழி.

இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வட்டிக்குப் பணம் வாங்கிக் கடை போட்டவருக்கு வருகிறது. அதனால்தான் புழக்கத்தில் உள்ள நம்பிக்கைகளைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“எமுலேட்டரே சட்டவிரோதம்”

இல்லை. பழைய ஆர்கேட் மெஷினின் சிப்புகள் செய்த வேலையை இன்றைய கம்ப்யூட்டரில் செய்து காட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் மீது போட்ட வழக்கில், எமுலேட்டர் எழுதுவதற்காக பிளேஸ்டேஷனின் மென்பொருளை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், ஒரு புரோகிராமோடு இணைந்து இயங்கும் வேறொரு புரோகிராமைத் தனியாக உருவாக்கத் தேவையான ஆய்வை 52-ஆவது பிரிவில் அனுமதிக்கிறது.

“எமுலேட்டர் லீகல் என்றால் கேமும் லீகல்”

கடைக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எமுலேட்டருக்குள் ஓடுவது ரோம் எனப்படும் கோப்பு. அசல் போர்டின் சிப்பிலிருந்து அப்படியே படியெடுத்த கேம். அதன் உரிமை கேப்காம், எஸ்என்கே போன்ற கேம் நிறுவனங்களிடம் இருக்கிறது. எமுலேட்டர் சுத்தமாக இருப்பதால் ரோம் சுத்தமாகிவிடாது.

“வீட்டில் ஆடினால் யாரும் கேட்பதில்லையே” என்பார்கள். சட்டத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. முறைப்படி வாங்கிய பிரதியிலிருந்து, வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுப்பதை 52(1)(ஏடி) உட்பிரிவு விட்டுவைக்கிறது. முறைப்படி வாங்கியிருக்க வேண்டும், சொந்தப் பயன்பாடாக இருக்க வேண்டும், காசு பார்க்கக் கூடாது. பார்லரில் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

இன்னொரு பிரிவைப் பார்லர்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 63பி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்று காட்டினால் மட்டுமே சிறையைத் தவிர்த்து, ரூ.50,000-க்கு மிகாத அபராதத்தோடு நீதிமன்றம் விட முடியும். “இது கம்ப்யூட்டர் இல்லை, கேம் மெஷின்” என்ற வாதமும் நிற்காது. தகவலைக் கையாளும் திறன் உள்ள எந்த மின்னணுக் கருவியும் இந்தச் சட்டத்துக்குக் கம்ப்யூட்டர்தான்.

எமுலேட்டர் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. 1997-ல் வெளிவந்த ‘மேம்’ எமுலேட்டரின் உரிமம் 2016 மார்ச் வரை வணிகப் பயன்பாட்டைத் தடை செய்தது. அதன் பிறகே அது திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. மலிவு விலைப் போர்டுகள் பலவற்றில் இருப்பது அந்தத் தேதிக்கு முந்தைய பதிப்பு. அந்தப் பழைய பதிப்புகளில் கேம் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை வரும்: இந்த ரோமை ஆட உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லையென்றால் வெளியேறுங்கள். ‘ஓகே’ என்று தட்டினால்தான் மேலே போகும். அப்படிப்பட்ட பெட்டியில் அந்த எச்சரிக்கை வராமல் நேராகக் கேம் தொடங்கினால், யாரோ முன்பே ‘ஓகே’ தட்டியோ அதை எடுத்தோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜப்பானியப் போர்டுகள் பலவற்றிலிருந்து எடுத்த ரோம்களில் வேறொரு அறிவிப்பு அப்படியே தங்கியிருக்கும். இந்த கேம் ஜப்பானுக்குள் மட்டுமே ஓட வேண்டும், வெளியே ஓட்டினால் உரிமை மீறல் என்று திரையே சொல்லும். தினமும் காலையில் கடை திறக்கும்போது அதைப் பார்க்கிறவர், எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்வது கடினம்.

“கம்பெனியையே மூடிட்டாங்க, யார் கேட்கப் போறாங்க?”

கம்பெனி மூடினால் உரிமை காற்றில் கரைவதில்லை, கை மாறுகிறது. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், மெட்டல் ஸ்லக் கேம்களைக் கொடுத்த எஸ்என்கே 2001-ல் திவாலானது. உரிமைகள் பிளேமோர் நிறுவனத்துக்குப் போயின. அது எஸ்என்கே பிளேமோர் ஆகி, பிறகு பழைய பெயருக்கே திரும்பி இன்றும் தொழில் செய்கிறது. டேட்டா ஈஸ்ட் 2003-ல் திவாலானபோது அதன் கேம்களில் பெரும்பகுதியை ஜி-மோட் வாங்கியது. வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

பழசானாலும் அப்படித்தான். கேமை ஒரு சினிமாட்டோகிராப் படைப்பாக மட்டும் கணக்கிட்டாலும், வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1980-ல் வந்த பேக்-மேனுக்கே 2040 முடிய வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் ‘முஸ்தபா கேம்’ என்றே அழைத்த கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் 1993-ல் கேப்காம் வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸின் ‘ஸெனோஸோயிக் டேல்ஸ்’ என்ற காமிக்ஸிலிருந்து எடுத்த கதை. தலைப்பில் இருப்பது ஒரு கார் கம்பெனியின் வணிகப் பெயர். ஒரே கேமில் இத்தனை பேர் உரிமை பின்னிக் கிடக்கிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறையே காசு காசாகப் போட்டு ஆடிய அந்த கேமுக்கு, இன்று ஒரு பார்லர்காரர் பணம் கொடுத்து உரிமம் வாங்க நினைத்தாலும் வாசல் தெரியவில்லை. இது நியாயமான நிலை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வாசல் தெரியவில்லை என்பது பூட்டை உடைக்க அனுமதி ஆகாது.

“என்கிட்ட ஒரிஜினல் போர்டே இருக்கு”

இதை மட்டும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அசல் போர்டு காசு போட்டு ஆடவே விற்கப்பட்டது. ஆனாலும் தகராறு வந்திருக்கிறது. ஜப்பானுக்காகச் செய்த டபுள் டிராகன் போர்டுகளை வரவழைத்து அமெரிக்காவில் ஓட்டிய ஓர் ஆர்கேடுக்கும், அந்த கேமின் உரிமையாளரான டைட்டோவுக்கும் வழக்கு நடந்தது. அசல் போர்டு என்றாலும் பொது இடத்தில் ஓட்டுவது உரிமை மீறலே என்று 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சரிசெய்ய அமெரிக்கா 1990-ல் கொண்டுவந்த விதிவிலக்கு 1995-ல் காலாவதியாகிவிட்டது.

முஸ்தபா போர்டுக்கு ஒரு தனிச் சோகம் உண்டு. அதன் சங்கேதத் திறவுகோலை உயிரோடு வைத்திருப்பது ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழிந்து போர்டு செத்துவிடும். அப்படிச் செத்த அசல் போர்டை வைத்திருக்கிறவர், அந்த ஒரு கேமின் காப்புப் பிரதியை அதே பயனுக்காக வைத்துக்கொள்ள 52(1)(ஏஏ) உட்பிரிவைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது என்பது என் கருத்து. தொலைந்தோ கெட்டோ போகாமல் தற்காலிகப் பாதுகாப்பாகப் படியெடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஆனால் முறைப்படி போர்டை வைத்திருப்பவருக்குத்தான் அது பொருந்தும். அன்று நம் பார்லர்களில் ஓடியவற்றில் போலி போர்டுகள் ஏராளம். போலியை வைத்திருப்பவருக்கு இந்த வாதம் கிடையாது. ஒரு அசல் போர்டைக் காட்டி மீதி 1,999 கேமையும் நியாயப்படுத்தவும் முடியாது.

“நகராட்சி லைசென்ஸ் இருக்கு”

அது கடை நடத்த. 1995-ல் எம்.ஜே. சிவானி வழக்கில், வீடியோ கேம் கூடங்களை லைசென்ஸ் முறையில் கட்டுப்படுத்த கர்நாடக அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அனுமதி வேறு, பதிப்புரிமை வேறு. காசு வைத்து ஆடுவது, பரிசு கொடுப்பது போன்றவற்றுக்கு சித்தூரில் 1974-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம், எல்லை தாண்டி வேலூரில் தமிழ்நாட்டுச் சட்டம். பதிப்புரிமைச் சட்டமோ நாடு முழுவதற்கும் ஒன்றே.

“வாரண்ட் இல்லாமல் போலீஸ் தொட முடியாது”

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. பதிப்புரிமை மீறலுக்கான 63-ஆவது பிரிவின் கீழான குற்றத்துக்கு ஜாமீன் உரிமை உண்டு என்று அன்றைய ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒருமுறை கருதியது. நிட் புரோ வழக்கில் 2022 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தை முடித்து வைத்தது: வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. பெட்டியைப் பறிமுதல் செய்ய 64-ஆவது பிரிவின்படி ஒரு சப்-இன்ஸ்பெக்டரே போதும். திரும்பக் கேட்டு 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

மணிக் கணக்கில் பிளேஸ்டேஷன் வாடகைக்கு விடுகிறவர்களும் கேட்பதுண்டு: “டிஸ்க் ஒரிஜினல், அப்புறம் என்ன?” ஒரிஜினல்தான். ஆனால் அந்த டிஸ்க்கோடு வரும் உரிமம் வீட்டு உபயோகத்துக்கு. புரோகிராமை வணிக வாடகைக்கு விடும் உரிமையைச் சட்டம் உரிமையாளருக்கே வைத்திருக்கிறது.

சரியான வழிகள் உண்டு, ஆனால் காசு கூடப் பிடிக்கும். ஆர்கேட் தொழிலுக்கென்றே பண்டாய் நாம்கோ போன்றவர்கள் விற்கும் மெஷின்கள் இருக்கின்றன. எக்ஸா-ஆர்கேடியா போல, வணிகப் பயன்பாட்டுக்கென்றே கார்ட்ரிட்ஜாக வரும் புதிய கேம்களும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு ஸ்டீம் தளத்தின் பிசி கஃபே திட்டம் இருக்கிறது. எதை வாங்கினாலும் பில்லில் கேமின் பெயரும் வணிக உரிமம் என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். “மல்டி கேம் போர்டு - 1” என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது. சொந்தமாக கேம் எழுதும் மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள். திருப்பதி ஐஐடி ஏர்பேட்டில்தான் இருக்கிறது. அப்படி ஒருவரோடு பேசி, எந்தக் கடையில், எத்தனை மாதம், வருமானத்தில் என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், அந்த கேமை நாளைக்கே பெட்டியில் ஏற்றலாம்.