கீழே என்ன இருக்கு, தெரியுமா?

போன செமஸ்டர் லீவில் அரிமளம் வீட்டில் குளிக்கும்போது, இடது பக்க விரைப்பையில் ஏதோ நெளிநெளியாகக் கையில் பட்டது. வலி இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. கூகுளில் தேடினால் மூணாவது வரியிலேயே கேன்சர். அப்பாகிட்ட சொல்லலாம்னா எந்த வார்த்தையில் சொல்றது? இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சதால் 'டெஸ்டிகிள்' தெரியும், ஹாஸ்டலில் இருந்ததால் கெட்ட வார்த்தையும் தெரியும். நடுவில், அப்பாகிட்ட சொல்லக்கூடிய வார்த்தை ஒண்ணு தெரியாது. (விரை, விதை என்று ஊரில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆட்டுக்குத்தான் சொல்கிறார்கள்.) இரண்டு மாதம் பயந்துவிட்டு டாக்டரிடம் போனால், தொட்டுப் பார்த்து இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: வேரிகோசீல். அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்க எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவ்வளவு முக்கியமான பார்ட் ஏன் உடம்புக்கு வெளியே தொங்குது? விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்கணும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்: விரைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றி, திரும்பி வரும் சிரைகள் வலை மாதிரி பின்னியிருக்கு. கீழே போற சூடான ரத்தம், மேலே வர்ற குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துட்டுப் போகுது. நாம ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எழுதின அதே கவுன்ட்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். குளிரில் பை சுருங்கி விரையை மேலே இழுக்கும், வெயிலில் தளர்ந்து இறக்கிவிடும்.

அதனால் வெந்நீரில் குளித்து முடித்த பிறகுதான் பார்க்கணும், தோல் தளர்ந்திருக்கும். நின்றபடி, ஒரு நேரத்துக்கு ஒரு விரை. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே வைத்து மெதுவாக உருட்டுங்க. அழுத்தக் கூடாது. தோலுரித்த அவித்த முட்டை மாதிரி வழவழப்பாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நீளம் 4, 5 சென்டிமீட்டர். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பதும், பெரும்பாலும் இடது பக்கம் கீழே இறங்கியிருப்பதும் சகஜம். பின்பக்கம் மெத்தென்று ஒரு மேடு தட்டுப்படும். நிறைய பேர் கட்டி என்று பயப்படுவது இதைப் பார்த்துத்தான். அது எபிடிடிமிஸ், விந்தணு முதிர்ச்சியடையும் குழாய். பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வருமாம், நம்ம ஹாஸ்டல் ரூமைவிட நீளம்! அங்கிருந்து மேலே போகும் கெட்டியான ஒயர் மாதிரி இருப்பது விந்துக்குழாய். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் ஆண்களுக்கு வெட்டுவது அதைத்தான். புராஸ்டேட் மூத்திரப்பைக்குக் கீழே உள்ளே இருப்பது, நம் கைக்கு எட்டாது. இந்த வயதில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

எனக்கு வந்த வேரிகோசீல், மேலே சொன்ன சிரை வலை வீங்குவது. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு. பெரும்பாலும் இடது பக்கம், ஏன்னா அந்தப் பக்கச் சிரை நீளம் அதிகம், சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருது. நின்றால் மண்புழு மூட்டை மாதிரி கைக்குத் தெரியும், படுத்தால் மறையும். மறையலைன்னா ஸ்கேன் எடுக்கணும். பலருக்கு வைத்தியமே தேவைப்படாது. இருமும்போது தொடை இடுக்கில் புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். பை முழுதும் நீர் கோத்து வீங்கினால் விரைவீக்கம், அதாவது ஹைட்ரோசீல். யானைக்கால் நோய்க் கிருமியாலும் வரும்.

பையில் ஒரு விரை இல்லவே இல்லை என்றால், சின்ன வயதில் அது இறங்காமல் வயிற்றிலேயே நின்றிருக்கலாம். இதைக் கட்டாயம் காட்டணும், பின்னாளில் கேன்சர் வாய்ப்பு அதற்கு அதிகம்.

கேன்சர் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிடறேன். விரைப் புற்றுநோய் இந்தியாவில் அபூர்வம், வருடத்துக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனா வந்தால் நம்ம வயதில்தான் அதிகம் வரும். பட்டாணி மாதிரி கெட்டியாக, பெரும்பாலும் வலியில்லாமல், விரையோடு ஒட்டி இருக்கும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் கண்டுபிடித்தபோது வயது 25. நுரையீரல், மூளை வரை பரவியிருந்தும் பிழைத்தார். காரணம் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. அதன் கதை எலெக்ட்ரிக்கல் பசங்களுக்கு: 1965-இல் பார்னெட் ரோஸன்பெர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்க பிளாட்டினம் எலெக்ட்ரோடு வைத்தார். செல் பிரிவது நின்றுபோனது. காரணம் மின்புலம் இல்லை, எலெக்ட்ரோடிலிருந்து கரைந்த பிளாட்டினம்! 1978-இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கிவைத்தார். அந்தக் காலத்தில் இந்த மருந்து கிடையாது.

மாதாமாதம் கட்டாயம் சோதிக்கணுமா? அவசியமில்லை. அமெரிக்க நிபுணர் குழு 2011-இல் அறிகுறி இல்லாதவர்களுக்கு இதைச் சோதனையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொன்னது, வீண் பயம்தான் மிஞ்சும் என்று. என் கருத்து: நார்மல் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஆனா ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தி, அந்த விரை மேலே ஏறி நிற்கிறது என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். தூக்கத்திலேயே ஆரம்பிக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம், 24 மணி நேரம் போனால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். அரிமளத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு வலித்தால் காலை முதல் பஸ்ஸுக்குப் பார்க்காதீங்க. விளக்கெண்ணெய் தடவிப் பார்க்காதீங்க. 108-க்கு அடிச்சு புதுக்கோட்டை போங்க.

அவசரம் இல்லாதவங்களுக்கு ஒரு டிப். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் பின்னாடி நிற்கும் இருபது பேருக்குக் கேட்கிற மாதிரி 'என்ன பண்ணுது தம்பி?'னு கேட்பாங்க. 'சர்ஜரி ஓ.பி. க்கா'னு மட்டும் சொன்னால் போதும், மீதியை உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிக்கலாம்.