உயிர் காக்கும் மாத்திரையும் லாக்டிக் அமிலத் தேக்கமும்

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) பெறுவோரும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "இந்த மாத்திரைகள் ஈரலைக் கெடுத்துவிடுமா?" கெடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியவை இன்று வழக்கொழிந்துவிட்டன. எஞ்சியுள்ள ஆபத்து சிறியது. ஆயினும் அதன் முதல் அறிகுறிகளை அறியாமல் நாள் கடத்தினால் உயிருக்கே தீங்காகும். அறிகுறியைக் கண்டு அஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவோருக்கும் தீங்கு நேரும். இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் வழியை இவ்விதழில் விளக்குகிறோம்.

லாக்டிக் அமிலத் தேக்கம் என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. நாம் உண்ணும் சர்க்கரையையும் கொழுப்பையும் பிராணவாயுவின் துணையால் எரித்து ஆற்றலாக்குவது அவற்றின் பணி. பிராணவாயு போதாதபோது செல்கள் சர்க்கரையை அரைகுறையாக உடைக்கின்றன; அப்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது.

நம் கடற்கரை மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர் கடலடியில் இருக்கையில் அவரது தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. மேலே வந்து மூச்சு வாங்கியதும் கல்லீரல் அந்த அமிலத்தை மீண்டும் சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. சற்று நேரத்தில் களைப்பு தீர்கிறது. மருந்தால் மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்தவரோ, கரையில் அமர்ந்து காற்றை நன்கு சுவாசித்துக்கொண்டிருந்தாலும், உள்ளே மூச்சடக்கியவரைப் போன்றே இருக்கிறார். பிராணவாயு வந்து சேர்கிறது. அதைப் பயன்படுத்தும் உறுப்புதான் இயங்கவில்லை. அமிலத்தை அகற்ற வேண்டிய கல்லீரலிலும் அதே பழுது நேர்வதால், எரிக்கப்படாத கொழுப்பு அங்குப் படிந்து ஈரல் வீங்குகிறது. எனவேதான் லாக்டிக் அமிலத் தேக்கமும் கொழுப்பேறிய ஈரல் வீக்கமும் பெரும்பாலும் இணைந்தே வருகின்றன.

எம்மருந்துகளால் இது நேர்கிறது?

நியூக்ளியோசைடு வகை மருந்துகள் எச்.ஐ.வி. கிருமி பெருகுவதைத் தடுக்கின்றன. அவற்றுட் சில, மைட்டோகாண்ட்ரியா தன் மரபுப்பொருளைப் படியெடுக்க உதவும் நொதியையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. ஸ்டாவுடின், டிடனோசின் ஆகிய இரண்டும் இவ்வகையில் மிகக் கடுமையானவை, ஜிடோவுடின் அடுத்தது. டெனோஃபோவிர், லாமிவுடின், அபாகாவிர் ஆகியவற்றில் இவ்வாபத்து மிகக் குறைவு.

இதன் வரலாற்றையும் அறிதல் நன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையை நடுவண் அரசு தொடங்கியபோது தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதன் முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. விலை குறைந்ததும் விரைந்து பயன் தந்ததுமான ஸ்டாவுடின் அன்று பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. ஆயினும் கன்னம் ஒட்டுதல், கால் எரிச்சல், லாக்டிக் அமிலத் தேக்கம் ஆகிய தீங்குகள் காலப்போக்கில் வெளிப்பட்டன. ஸ்டாவுடினையும் டிடனோசினையும் சேர்த்து உட்கொண்ட கர்ப்பிணிகள் சிலர் இத்தேக்கத்தால் இறந்ததை அடுத்து, 2001-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. நம் நாட்டிலும் அது நீக்கப்பட்டது.

இன்று பெரும்பாலானோர் பெறுவது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. அடங்கிய, நாளுக்கு ஒருமுறை உண்ணும் ஒரே மாத்திரை. பழைய அச்சத்தை இப்புதிய மாத்திரையின்மேல் ஏற்றுதல் தகாது.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

பெண்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், உடற்பருமன் உள்ளோர், ஜிடோவுடின் போன்ற மருந்தை நெடுங்காலம் உண்டோர், மதுப்பழக்கம் உள்ளோர், ஏற்கெனவே ஈரல் நோயோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளோர். உப்பளத்திலும் படகிலும் வெயிலில் உழைப்போர் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் தளர்கிறது; அதனால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடக்கூடும்.

நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் உண்போர் தனியே கவனிக்க. அம்மருந்தும் சிறுநீரகம் பழுதுற்றோரிடம் அரிதாக லாக்டிக் அமிலத் தேக்கத்தை உண்டாக்கும். டொலுடெக்ராவிர், மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் உயர்த்துகிறது. ஆகவே இவ்விரண்டையும் சேர்த்து உண்போருக்கு மெட்ஃபார்மின் பொதுவாக நாளொன்றுக்கு 1000 மி.கி. அளவைத் தாண்டலாகாது. சர்க்கரை நோய் மருத்துவரிடம் ஏ.ஆர்.டி. உண்பதைக் கூறாதவருக்கு இக்கட்டுப்பாட்டை யார் செய்வார்?

அறிகுறிகள் யாவை?

இந்நோய் பெரும்பாலும் மெல்லத் தொடங்குகிறது. காரணமின்றிக் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று வலி, பசியின்மை, எடை குறைதல், அளவுகடந்த சோர்வு, தசை வலி ஆகியவை நாட்கணக்கில் நீடிக்கும். இவற்றை 'கேஸ் தொல்லை' எனக் கருதிக் கடையில் மாத்திரை வாங்கி உண்போர் பலர். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குதல், கைகால் குளிர்தல், நெஞ்சு படபடத்தல், மயக்கம் ஆகியவை தோன்றினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அன்றே, இரவாயினும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

ஈரல் பாதிப்பின் அடையாளங்கள்: கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், மலம் வெளிறுதல், உடல் அரிப்பு, வலப்பக்க விலாவின்கீழ் வலி. நெவிரபின் உண்போருக்கு முதல் சில வாரங்களில் தோல் தடிப்புடன் காய்ச்சலும் வந்தால் அதுவும் ஈரல் அழற்சியின் தொடக்கமாக இருக்கலாம். காமாலை கண்டால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது நம் பகுதியில் வழக்கம். மருந்தால் வந்த காமாலையில் அந்த ஒரு வாரமே விலைமதிப்பற்றது, அதனை இழந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வோம்?

இரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்ப்போம். இயல்பாக அது லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். 5-ஐத் தாண்டி, இரத்தத்தின் அமிலத்தன்மையும் கூடியிருந்தால் அதுவே லாக்டிக் அமிலத் தேக்கம். இச்சோதனைக்கு முன் சற்று நேரம் ஓய்வாக அமர்ந்திருங்கள். இரத்தம் எடுக்கையில் கையை இறுக மூடித் திறக்காதீர்கள். தசை வேலை செய்தால் அளவு பொய்யாக உயரும். ஈரல், சிறுநீரகச் சோதனைகளும் உடன் செய்யப்படும். நோய் உறுதியானால் காரணமான மருந்தை நிறுத்தி, நரம்புவழித் திரவமும் தேவைப்படின் பிராணவாயுவும் தந்து, உடல் தேறியபின் வேறு மருந்துக் கூட்டைத் தொடங்குவோம். லாக்டேட் முழுதும் தணியச் சில வாரங்கள்கூட ஆகலாம். சிகிச்சையே முடிந்தது என்று எவரும் எண்ண வேண்டா. மருந்து மட்டுமே மாறுகிறது.

தாமாக நிறுத்துவது ஏன் தீது?

முதலாவது, கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறும். இரண்டாவதைப் பலர் அறியார். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்குகின்றன. இருவகைத் தொற்றும் உள்ளவர் இவற்றைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி சீறியெழுந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும். ஈரலைக் காக்க எண்ணி மாத்திரையை விட்டவர், அதனாலேயே ஈரலை இழக்கும் நிலை இது.

தோணியில் மாலத்தீவு செல்வோரும், பல நாள் தங்கி மீன்பிடிப்போரும், நெடுந்தூரம் லாரி ஓட்டுவோரும் பயண நாளை ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே தெரிவித்துப் போதிய மாத்திரைகளைக் கேட்டுப் பெறுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

இந்நோயில் உயிரைப் பறிப்பது பலவேளை அமிலமன்று, மறைப்பே ஆகும். வாந்தியும் மூச்சிரைப்பும் உள்ளவரை அறிமுகமான மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "வேறு மாத்திரை எதுவும் உண்பதில்லை" என்று கூறிவிட்டால், அவர் எவ்வளவு திறமையானவராயினும் லாக்டேட் சோதனையை நினைக்க வாய்ப்பில்லை. உங்கள் நோய்நிலையை இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. பிறர் அறிய வேண்டியதில்லை. மருத்துவர் அறிந்தே ஆக வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாயின் மாத்திரைப் புட்டியையோ சிகிச்சைப் புத்தகத்தையோ அவர் கையில் கொடுங்கள், அதுவே போதும்.

நினைவிற் கொள்ள

1. குமட்டலும் சோர்வும் சில நாட்களுக்குமேல் நீடித்தால், அடுத்த முறைக்குக் காத்திராமல் மையத்துக்கு வருக.
2. மூச்சிரைப்போ காமாலையோ கண்டால் அன்றே வருக.
3. மருத்துவர் கூறாமல் ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்தற்க.
4. மதுவை அறவே விடுக. பாராசிட்டமால் உட்பட எம்மாத்திரையையும் தாமாகத் தொடர்ந்து உண்ணற்க.
5. நெஞ்செரிச்சலுக்கான அமில முறி மருந்தை டொலுடெக்ராவிருடன் சேர்த்து உண்ணற்க. அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிரை உண்க.
6. காசநோய் மருந்து தொடங்கினால் இரு மையங்களுக்கும் தெரிவிக்க. ரிஃபாம்பிசின் உண்போருக்கு டொலுடெக்ராவிர் அளவை மாற்ற வேண்டும். ஈரல் சோதனையும் தேவைப்படும்.

ஐயம் எழுந்தால் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தையோ அருகிலுள்ள நம்பிக்கை மையத்தையோ அணுகுங்கள். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும், பெயரைக் கூறாமலே, உங்கள் வினாவைக் கேட்கலாம்.