முன்னோர் குடியிருந்த ஊர்: குடும்ப வரலாறு எழுதும் இளைஞருக்கு ஒரு கடிதம்

முன்னோர் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும்போது, குறிப்பிட்ட ஆண்டில் அந்த ஊர் எந்த ஜில்லாவில், எந்த ஆட்சியில் இருந்ததோ அதையே எழுத வேண்டும். திருத்தணிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய இளம் ஆய்வாளரின் கைப்பிரதி முதல் பக்கத்திலேயே இதில் சறுக்கிவிட்டது. 1895-இல் கொள்ளுத்தாத்தா ‘திருவள்ளூர் மாவட்டத்தில்’ வசித்தாராம்! அந்த மாவட்டம் உருவானதே 1997-இல்தான். கைப்பிரதி நெடுக இதே எழுத்து. படிப்பவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

திருத்தணி 1911 வரை வடஆற்காடு ஜில்லா. பிறகு சித்தூர் ஜில்லா. 1953-இல் சித்தூரோடு ஆந்திரத்துக்குப் போயிற்று. 1960-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. ஆண்டு சொல்லாத ஊர்ப்பெயர் பாதி முகவரிதான். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளின் பட்டியல்களிலும் ஜில்லா, தாலுகா, கிராமம் உண்டு. அவற்றில் வடஆற்காடு என்றிருப்பதை வேலூர் என்று மாற்றி எழுதினால், இன்று ஆந்திரத்தில் இருக்கும் ஊர் தேடலிலிருந்தே விடுபட்டுப்போகும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரையும் அப்படியே படியெடுத்து, ஊகத்தைத் தனியே குறிக்க வேண்டும்.

அடுத்த பிழை, பிறந்த ஊரைக் குடியிருந்த ஊராகக் கொள்வது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். மூத்த மகன் ஓர் ஊரிலும் இளையவர்கள் வேறூரிலும் பிறந்ததைக் கண்டு, குடும்பமே இடம்பெயர்ந்ததாகக் கைப்பிரதி கதை கட்டுகிறது. பட்டாவும் போதிய சான்றல்ல; அது நிலம் இருக்கும் கிராமத்தைக் காட்டும், நிலத்துக்காரர் வெளியூர்வாசியாகவும் இருக்கலாம். கிரயப் பத்திரம்தான் நம்பகமானது: எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் வசிக்கும் ஊர், தகப்பனார் பெயரோடு அதன் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

1980-இல் கிராமக் கணக்கரான கர்ணத்தின் பதவி ஒழியும்வரை இத்தகைய சந்தேகங்கள் திண்ணையிலேயே தீர்ந்தன. எந்த மனை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்தக் குடும்பம் எப்போது ஊரைவிட்டுக் கிளம்பியது என்பதெல்லாம் கர்ணத்துக்கு மனப்பாடம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே மூன்று தலைமுறைக் கணக்கை ஒப்பித்துவிடுவார். அந்தத் திண்ணை இன்று யாருக்கும் இல்லை.

ஆனால் கைப்பிரதியின் பின்னிணைப்பு அபாரம். மணமாகி வந்த ஒவ்வொரு பெண்ணின் பிறந்த ஊரும் அதில் இருக்கிறது. வழக்கமான வம்சாவளிகளில் பெண்ணுக்குப் பெயரே இருக்காது. ஊர் எங்கே இருக்கும்? இந்த வேலைக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். மூத்த மகன் பிறந்தது தாய்வீட்டில்தான் என்பதற்கான சான்றும் அதே பட்டியலில் கிடக்கிறது.

திருத்தத்துக்கு நான்கு கட்டங்கள் போதும்: ஆண்டு, ஆவணத்தில் உள்ளபடி இடம், இன்றைய மாவட்டம், சான்று. பிறந்த ஊருக்கும் குடியிருந்த ஊருக்கும் தனித்தனி வரிசை வேண்டும்.